பதுங்கி எறும்பு

சிவனாண்டி சர்வேயர் ஊன்றிய கல்லைப் பேரையூர்ப் பக்கத்தில் எவனும் அசைத்ததில்லை. அண்ணனும் தம்பியும் அரிவாளோடு எதிரெதிரே நின்ற வரப்புகளில்கூட, அவர் சங்கிலியை இழுத்துப் பிடித்துக் கல்லைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. குடும்பமும் அப்படிப்பட்டது. குலசாமி கோயிலில் முதல் திருநீறு அந்த வீட்டுக்கு. அவருடைய தகப்பனார் கூட்டத்தில் ஒரு சொல் சொன்னால் அதற்கு மேல் எவரும் பேசியதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தல்லாகுளத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும் சிவனாண்டி அந்த நிமிர்வை விடவில்லை. கஞ்சி போட்ட வேட்டி, நரைத்தும் தளராத மீசை, தெருமுனைக் கடைக்குப் போனாலும் தோளில் துண்டு.

அந்த முதுகு யாரும் பார்க்காத இடத்தில் ஒன்றுக்காக மட்டும் வளையும். எறும்புக்காக.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய எல்லைக்கல் ஒன்றைப் பெயர்த்தபோது அடியில் பார்த்ததுதான் தொடக்கம். கட்டெறும்பையும் சித்தெறும்பையும் பார்க்காதவர் உண்டா? இது அவற்றில் சேர்த்தி இல்லை. கடுகைப் பிளந்தால் விழும் துண்டளவு உடம்பு. வரிசை கட்டாது, சர்க்கரைக்கு வராது, அடுப்படி ஏறாது. கல்லுக்கு அடியிலோ மக்கிய குச்சிக்குள்ளோ சின்னக் குடும்பமாக இருந்துவிட்டுப் போகும். இப்படிப் பல சாதி இருப்பதை அவர் வருஷக்கணக்கில் கண்டுகொண்டார். நிலப்படத்தின் பொடி எழுத்தைப் படிக்க வாங்கிய லென்ஸ் அதற்கும் உதவியது. வீட்டில், அளவு முளைகள் போட்டு வைத்திருந்த தேக்குப்பெட்டிக்குள் இரண்டு கண்ணாடித் துண்டுகளை நிறுத்தி, நடுவில் களிமண் நிரப்பி அதில் அவற்றைக் குடி வைத்தார். மேலே சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டினால் வெளிச்சம் விழுந்தாலும் அவை மிரளுவதில்லை என்பது அவராகவே கண்டுபிடித்தது. பேனாவுக்கு மை ஊற்றும் குழாயால் நாளும் சொட்டுத் தண்ணீர் விடுவார். பெட்டி பரணில் இருக்கும். கேட்டவர்களுக்கு, பழைய சர்வே சாமான்.

மனைவி அழகம்மாளுக்குத் தெரியும். ஒரே மகள் முத்துத்தாய்க்குத் தெரியும். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸ் வழியாகப் பார்த்தவள். “வெளிய யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுத்தா” என்று அப்போதே சொல்லி வைத்திருந்தார். அவளும் விட்டதில்லை. கள்ளுக்கடைக்குப் போகிறவன், சீட்டாடுகிறவன் என்றால்கூட ஊர் ஒரு கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அம்புட்டுப் பெரிய வீட்டு ஆம்பளை குப்புறப் படுத்து எறும்பு பார்க்கிறான் என்றால்? இளவட்டத்தில் ஒரு நாள் களத்துமேட்டில் அப்படிக் கிடந்தவரைத் தகப்பனார் காலால் புரட்டிப் போட்டு, “எந்திரிடா, வெக்கங்கெட்டவனே” என்றார். அந்தக் கால் இன்னமும் விலாவில் இருந்தது.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், ஐப்பசி. முத்துத்தாயைப் பேரையூரில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டு, பிரசவத்துக்கு அழைத்து வர நாள் குறிக்கச் சிவனாண்டி தனியாகப் போனார். சம்பந்தி மலையாண்டி கோழி அடித்துச் சோறு போட்டார். மார்கழி பிறந்துவிட்டால் ஆகாது, கார்த்திகைக்குள் வைத்துக்கொள்வோம் என்று பேச்சு முடிந்தது. சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்தார்கள். சிவனாண்டி வாசலுக்கு வந்தார். காலையில் பெய்த மழையில் மண் இன்னும் ஊறிக் கிடந்தது.

படிக்கல்லின் விளிம்பில், கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு விரிசல். அதன் வாயில் ஒன்று நின்றது. மங்கிய மஞ்சள். இருதய வடிவில் தலை. நீளத் தாடை இரண்டையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அடி எடுத்து வைக்கவே யோசிக்கிறாற்போல் நின்றது. சர்வீசில் ஒரே ஒரு தடவை, சாப்டூர் மலையடிவாரத்தில் பார்த்து, லென்ஸை எடுப்பதற்குள் தொலைத்த எறும்பு அது. ஆள் நிழல் பட்டால் சுருண்டு மண் பொடியாகக் கிடக்கும். அதற்கு அவர் தமக்குள் பதுங்கி என்று பேர் வைத்திருந்தார்.

சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். சாவியால் கல்லடியை நெம்பி, விரிசலோடு சேர்த்து மண்ணைப் பாளமாக எடுத்தார். மேலே ஒட்டியிருந்த தூசியை வாயால் மெல்ல ஊதினார். உள்ளே வெள்ளை முட்டைகள் தெரிந்ததும், “வாங்க தாயி, வாங்க” என்று தம்மை மறந்து முணுமுணுத்தார். தீப்பெட்டிக்குள் வைத்து மடியில் சொருகிக்கொண்டு நிமிர்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டதும் பழைய சர்வேயர் ஆகிவிட்டார்.

ஜன்னலுக்கு உள்ளே சம்பந்தியம்மாள் சின்னத்தாய் வெற்றிலையை மெல்ல மறந்து நின்றுகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்காரன் மிதித்து இறங்கும் படியிலிருந்து மண் எடுப்பது எதற்கு என்று அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். காலடி மண்ணை எடுத்து, வாயால் ஊதி, மந்திரம் சொல்லி மடியில் முடிந்துகொண்டு போனால் அது செய்வினை. சிவனாண்டிக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. அதுதான் விபரீதம்.

சின்னத்தாய் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. பெரிய மனுஷர், அதுவும் சம்பந்தி, கண் பொய் சொல்லியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள். ஆனால் ஐப்பசி கழிவதற்குள் மலையாண்டியின் வலது கால் முழங்கால் வரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி ஊசிக்கும் அடங்கவில்லை. குறி சொல்லும் கோடாங்கி உடுக்கையை அடித்துவிட்டு, “வாசல் மண்ணு வெளிய போயிருக்கு” என்றான். சின்னத்தாய் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

செய்தியைக் கொண்டு மருமகன் காளை தல்லாகுளம் வந்தான். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு ராதாகிருஷ்ணன், கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சிவனாண்டியை அந்தத் தெருவில் மனதார மதிக்கிறவர். காளை நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். காப்பியைத் தொடவில்லை.

“மாமா, தப்பா நினைக்கக் கூடாது. எங்க வாசப்படியில நீங்க மண்ணு எடுத்தீகளாம். அம்மா பாத்திருக்காக.”

சிவனாண்டி காப்பி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார்.

“எங்கய்யா காலு வீங்கிக் கெடக்குறாரு. ஆளாளுக்குப் பேசுறாக. முத்துதான் குறுக்க விழுந்து, எங்கப்பா எறும்பு வளக்குறவரு, எறும்புக்காகத்தான் எடுத்திருப்பாருன்னு தலையில அடிச்சுச் சொல்றா. ஒருத்தரும் நம்பல. நெசமா மாமா? எறும்பா வளக்குறீக?”

ராதாகிருஷ்ணன் பேப்பரை மடக்கிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். “என்ன சார் இது! ஊர் நெலத்தை அளந்தது போதாதுன்னு எறும்புக்கும் பட்டா போட்டுக் குடுத்தீங்களா?”

பரணில் பெட்டி இருந்தது. பதுங்கிகள் அன்று காலைதான் புது முட்டையை ஈரப் பக்கத்துக்கு மாற்றியிருந்தன. ஆமாம் மாப்ள என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. செய்வினைக்காரன் என்றால் ஊர் பயப்படும். எறும்புக்காரன் என்றால் சிரிக்கும். அந்தச் சிரிப்பு இதோ எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சிவனாண்டியும் அதோடு சேர்ந்து சிரித்தார்.

“எறும்பா? நல்லா இருக்கு மாப்ள கதை. நான் மண்ணும் எடுக்கல, மலையும் எடுக்கல. பொம்பளைப்பிள்ளை, வயித்துல பிள்ளையோட, பயத்துல என்னத்தையோ உளறியிருக்கு.”

உள் வாசற்படியில் நின்ற அழகம்மாள் அவரைப் பார்த்த பார்வையை அவர் பார்க்காமல் இருந்துகொண்டார். காளை எழுந்தான். “அப்ப சரி மாமா. ஊர்ல கூடிப் பேசணும்ங்கறாக. ஞாயித்துக்கெழமை வாங்க. அதுவரைக்கும் வளைகாப்புப் பேச்சு வேணாம்னு அம்மா சொல்லிட்டாக.”

அவன் போனதும் ராதாகிருஷ்ணனும் போனார். அழகம்மாள் காப்பி டம்ளரை எடுக்க வந்தாள்.

“பிள்ளையப் பொய்க்காரியா ஆக்கி அங்க நிக்க வச்சிட்டீக” என்றாள். அன்று சோறு வைத்தாள்; எதிரே உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது சிவனாண்டி ஒரு வாசகத்தை மனதுக்குள் அளந்து வைத்திருந்தார். ‘கெடுதல் நினைத்து நான் மண் எடுக்கவில்லை.’ இதைச் சொல்லிச் சூடத்தை அணைத்தால் சத்தியமும் பொய்யாகாது, எறும்பும் வெளியே வராது. திருமங்கலம் தாண்டுவதற்குள் அந்த வாசகத்தின் நாலு மூலையும் சரிபார்த்துவிட்டார். தமக்கே அது அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. அழகம்மாள் பக்கத்தில் ஒரு பெரிய பையை மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பலகாரம் என்று அவர் நினைத்தார்.

மலையாண்டி வீட்டு வாசலில் கூட்டம். மலையாண்டி கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். சுற்றி நின்ற பாதிப் பேருடைய நிலத்தைச் சிவனாண்டி அளந்திருக்கிறார். வழக்கமாக எழுந்து கும்பிடுகிறவர்கள் அன்று கும்பிட்டார்கள், கண்ணைப் பார்க்கவில்லை. முத்துத்தாய் கதவோரம் நின்றாள். மெலிந்திருந்தாள். வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலரவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்னத்தாய் சுற்றி வளைக்கவில்லை. “அண்ணே, நீங்க எடுக்கலைங்கறீக. நான் கண்ணால பாத்தேன்ங்கறேன். உங்க மகளோ எறும்புக்குன்னு எடுத்தாருங்கறா. இந்த மூணுல எது நெசம்? படியிலேயே சூடத்தை ஏத்துறேன். சொல்றவுக அணைச்சுட்டுச் சொல்லுங்க.”

“நான் அணைக்கிறேன் தங்கச்சி” என்று சிவனாண்டி துண்டை இடுப்பில் கட்டினார்.

“பொறுங்கண்ணே. இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு இந்த வீட்டுலயே கதை சொன்னவ அவ. மொதல்ல அவ அணைக்கட்டும்.”

கூட்டத்தில் ஒரு கிழவி, “பிள்ளைத்தாய்ச்சியப் போயி அணைக்கச் சொல்றியே, ஆகாது தாயி” என்றாள். மலையாண்டிகூடக் கட்டிலில் நெளிந்தார். ஆனால் முத்துத்தாய் அதற்குள் கதவை விட்டு வந்துவிட்டாள். வயிற்றை ஒரு கையால் தாங்கி, படியில் மெல்ல உட்கார்ந்தாள். சூடம் எரிந்தது.

“எங்கப்பா எறும்பு வளக்குறவரு” என்றாள் உரக்க. யாரையும் பார்க்காமல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல. “அதுக்காகத்தான் மண்ணு எடுத்தாரு. நான் சொல்றது பொய்யின்னா…”

கை நெருப்புக்கு மேலே போனது.

சிவனாண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பஸ்ஸில் அளந்து வைத்த வாசகம் எங்கேயோ போய்விட்டது. “அணைக்காத. அணைக்காதத்தா” என்றார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். அழகம்மாள் பையிலிருந்து தேக்குப்பெட்டியை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

“அவ சொன்னதுதான் நெசம்” என்றார் சிவனாண்டி. “நான் எடுத்தேன். எறும்புக்குத்தான் எடுத்தேன். மாப்ளகிட்டச் சொன்னது பொய்யி.”

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. அவர் பெட்டியைத் திறந்து கண்ணாடியைத் தூக்கி லென்ஸை நீட்டினார். காளை பார்த்தான். ஒருத்தர் பின் ஒருத்தராகப் பார்த்தார்கள்.

“மண்ணுதான் தெரியுது.”

“எங்க எறும்பு? ஒண்ணையும் காணோமே.”

பஸ் குலுக்கலில் பதுங்கிகள் அத்தனையும் சுருண்டு, தூசி அப்பிக் கிடந்தன. காலும் தெரியாது, தலையும் தெரியாது. சின்னத்தாய் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து, “எங்க வீட்டு மண்ண பெட்டியில வச்சுப் பூசை பண்ணியிருக்கீக. வேற என்னத்த இதுல பாக்குறது?” என்றாள். அவள் குரலில் இப்போது கோபம் இல்லை, பயம் இருந்தது. கட்டிலில் மலையாண்டி காலை இழுத்துக்கொண்டார்.

பதுங்கியை அசைய வைக்க ஒரே வழிதான் உண்டு. அதன் இரை வேண்டும். ஈர மண்ணில் தூசி மாதிரி துள்ளும் வெள்ளைப் பூச்சி. கால் கழுவும் தொட்டிக்கு அடியில், சாணியும் தண்ணீரும் ஊறிய இடத்தில் கட்டாயம் இருக்கும். சிவனாண்டி தொட்டியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக் கட்டில் மேல் போட்டார்.

முழங்காலை ஊன்றினார். அது போதவில்லை. குப்புறப் படுத்தால்தான் தொட்டியின் அடி தெரியும். படுத்தார். கஞ்சி போட்ட வேட்டி சாணித் தண்ணீரை உறிஞ்சியது. கன்னத்தைத் தரையில் வைத்து, விரல் நுனியை எச்சிலில் நனைத்து, ஒரு கல்லைப் புரட்டி ஒற்றி ஒற்றி எடுத்தார். முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் க்ளுக் என்றான். அடக்கியவர்களால் அதற்கு மேல் முடியவில்லை. சிரிப்பு வாசல் முழுக்கப் பரவியது.

“அய்யா!” கூட்டத்திலிருந்து சின்னக்கருப்பனின் குரல். அவனுக்கும் அவன் அண்ணனுக்கும் நடுவில் கல் போட்டு வெட்டுக்குத்தை நிறுத்தியவர் சிவனாண்டி. “எங்க வரப்பையும் இப்படித்தான் எறும்பு பாத்துக்கிட்டே அளந்தீகளா? என் பங்குல ஒரு முழம் கொறையுதுன்னு எங்கப்பன் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தான்!”

விலாவில் அந்தப் பழைய உதை மறுபடி விழுந்தது. ஒரு வாழ்நாள் ஊன்றிய கல் அத்தனையும் ஒரு சிரிப்பில் ஆடுவதைச் சிவனாண்டி தரையில் கிடந்தபடி கேட்டார். பதில் சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை? பொய் சொல்லமாட்டார் என்பதுதான் அந்தக் கல்லுக்கெல்லாம் ஆதாரம். அவர் பொய் சொன்னது கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் வாயாலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

பூச்சிகளைக் கண்ணாடிக்குள் தட்டிவிட்டுக் காத்திருந்தார். மற்றவர்களும் காத்திருந்தார்கள். ஒரு தூசி அசைந்தது. கால் முளைத்தது. தாடையை விரித்துக்கொண்டு ஒரு பதுங்கி நகர்ந்து, நின்று, நகர்ந்து, துள்ளும் பூச்சிக்கு முன்னால் வந்தது. “இப்பப் பாருங்க தங்கச்சி” என்று லென்ஸைச் சின்னத்தாயிடம் கொடுத்தார்.

சின்னத்தாய் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். திடுக்கிட்டுத் தலையை இழுத்தாள்.

“ஆத்தி! பொறி மாதிரிப் பட்டுனு கவ்விருச்சு!” மறுபடி குனிந்தாள். எழுந்திருக்கவில்லை. “ஏங்க, வாயப் பாருங்களேன்… நம்ம வாசலுக்கடியிலயா இது இருந்துச்சு?”

அதற்குப் பிறகு லென்ஸுக்குப் போட்டி. மலையாண்டிகூடக் கட்டிலில் இருந்தபடியே குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்காகவா சம்பந்தி பொண்ணு வாழ்க்கையப் பந்தயம் வச்சீக? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மம்பட்டியில அள்ளிக் குடுத்திருப்பேனே” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். சிவனாண்டிக்கு அன்று விழுந்த அடிகளிலேயே அது பெரியதாக விழுந்தது.

சின்னத்தாய் ஒன்றில் மட்டும் பிடி விடவில்லை. எறும்போ என்னவோ, படி மண் படிக்குத் திரும்ப வேண்டும். சிவனாண்டி தர்க்கம் பண்ணவில்லை. கண்ணாடியைப் பிரித்துக் கல்லடியில் கவிழ்த்தார். பதுங்கிகள் விழுந்த இடத்தில் சுருண்டு மண்ணாயின. அவர் மேலே ஈரமண்ணை மூடிக் கையால் மெல்ல அழுத்தினார்.

முத்துத்தாய் கை கழுவச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். பக்கத்தில் வந்ததும் அதைக் காளை கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் வளைகாப்பு நடந்தது. மலையாண்டிக்கு வேறு டாக்டர் பார்த்து வீக்கம் வடிந்திருந்தது. வளையல் போட வந்த பெண்கள், “எறும்பய்யா வந்துட்டாக, சீனிய மூடி வைங்கடி” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிவனாண்டி மாப்பிள்ளை வீட்டார் காட்டிய நாற்காலியில் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

மகளை அழைத்துக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் தாயும் மகளும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பின்னால் அவர், அன்று அங்கேயே விட்டுவந்த வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. திருமங்கலத்தில் பஸ் நின்றபோது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி நீட்டினார். முத்துத்தாய் ஒன்றைப் பிய்த்துக்கொண்டாள். தோலை ஜன்னல் வழியே போட்டுவிட்டு, திரும்பாமலே சொன்னாள்.

“எறும்பு இல்லைன்னு சொன்னீக, அது உங்க எறும்பு. என்னைய உளறுறவன்னு சொன்னீகளே. அதை அவரு வந்து என்கிட்டச் சொன்னப்ப, அந்த வீட்டுல நான் எந்த மூலையில போயி நிக்கிறது?”

என்ன சொன்னாலும் அதுவும் அளந்து வைத்த ஒரு வாசகமாகத்தான் இருக்கும் என்று சிவனாண்டிக்குப் பட்டது.

தல்லாகுளத்தில் இறங்கித் தெருவுக்குள் நுழைந்தார்கள். ராதாகிருஷ்ணன் தம் வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பேரையூர்ச் சேதி அவருக்கு எட்டியிருக்கவில்லை. இந்தத் தெருவில் ஒருவருக்கும் எட்டியிருக்காது. சிவனாண்டி இங்கே இன்னும் பழைய சர்வேயர்தான்.

“வாம்மா முத்துத்தாய்! வந்தாச்சா?” என்றார் ராதாகிருஷ்ணன். “நல்லா ரெஸ்ட் எடு. வீணா எதையாவது நினைச்சுப் பயப்படாதே, என்ன?”

முத்துத்தாய் கேட்டைத் திறந்தாள். சிவனாண்டி நின்றார். பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“ராதாகிருஷ்ணன், அன்னைக்கு எங்க மாப்ள கேட்டாரே, எறும்பு… அது நெசந்தான். நான் வளக்குறேன். இந்தப் பெட்டியிலதான். மக உளறல. நான்தான் உங்க முன்னால பொய் சொன்னேன்.”

ராதாகிருஷ்ணன் அவர் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்குப் போலவே கடகடவென்று சிரித்தார். இந்தத் தடவை சிவனாண்டி கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை, அடங்கி ராதாகிருஷ்ணன் முகம் மாறும் வரை, அதே இடத்தில் நின்றார். அந்த முகம் மாறியது.

பிறகு சிவனாண்டி தலையைக் குனிந்துகொண்டு தம் வீட்டுப் பக்கம் திரும்பினார். முத்துத்தாய் உள்ளே போயிருக்கவில்லை. கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவர் நுழைய வழிவிட்டு, அதைச் சாத்தினாள்.